அலகு ஏந்திய அம்மையார்



ஏமாற்றம் எய்தாத மாந்தர் எவருமிலர். எய்தியபின் நெஞ்சம் கசந்து போவதா, கனிந்து நிற்பதா என்பதே வினா. இதற்கு விடையாய் வாழ்ந்து காட்டிய அம்மையார் ஒருவர் கடலூர் மாவட்டத்து மண்ணிலேயே பிறந்தார்.

பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்த் தோன்றியவர் திலகவதியார். மணம் பேசி முடித்த கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். அதற்குள் தந்தையார் மறைந்தார். தாயாரும் உடன் மறைந்தார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் பட்டார் என்ற செய்தியும் வந்தது. அம்மையார் உயிர்விடவே துணிந்தார். இளையவர் மருணீக்கியார் அடிவீழ்ந்து அழுதமையால், தம்பிக்காக உயிர் தாங்கினார்.

அத்தம்பியும் பின்னாளில் பாடலிபுத்திரம் சென்று, சமணம் சார்ந்து தருமசேனர் ஆனார். யாருக்காக வாழ்ந்தாரோ அவரும் அகன்றார்! இங்கே கசப்பு எழுவது இயல்பன்றோ?

அம்மையார் தம்பியைப் பழிக்கவில்லை, இறைவனையும் நோகவில்லை. கெடிலக்கரைத் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். வைகறையில் அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டுமென நாளும் விண்ணப்பித்தார். இழந்தவற்றை ஏற்றுக்கொண்டார், நம்பிக்கையை மட்டும் இழக்கவில்லை. ஏற்றுக்கொள்ளுதல் என்பது கைகட்டி இருத்தலன்று. கையில் அலகு எடுத்தல்.

சூலைநோயுற்ற தம்பி ஓர் இரவில் வந்து அடியில் வீழ்ந்தார். அம்மையார் ஒரு சுடுசொல்லும் கூறாது, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். அன்றும் திருப்பணிக்குரிய பொழுது புலர்ந்தது. அலகும் தோண்டியும் ஏந்தித் தம்பியையும் உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். நோய் தீர்ந்தது, நாவுக்கரசர் தோன்றினார்.

பின்பு அந்நாவுக்கரசரைக் கல்லிற் பிணித்துக் கடலில் இட்டனர். அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் சேர்த்தது. அவ்வூரே முன்னர் அவர் பிரிந்து சென்ற பாடலிபுத்திரம்! கரையேறவிட்ட குப்பம் எனும் பெயர் கடலூரில் இன்றும் வழங்குகிறது. பின்னர்த் தில்லைக் கூத்தனைத் தொழச் சென்ற அப்பர் பெருமான், உழவாரத்தை வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. தமக்கை ஏந்திய அலகே தம்பி கையில் உழவாரமாயிற்று எனலாம். அத்தில்லையிலேதான் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அம்மையார் வரலாற்றையும் பெரியபுராணத்துள் வைத்து அரங்கேற்றினார்.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்றது. 2011இல் தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மக்கள் மீண்டும் படகு செலுத்தினர். மீண்டும் கன்று நட்டனர்.

அழுதல் ஆகாது என்று அம்மையார் வரலாறு கூறவில்லை. அழுத கண்ணோடும் விடியலில் எழுந்து, அன்றைய கடமையை இறைபணியாய்ச் செய்க என்றே கூறுகிறது. திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் ஒருநாளேனும் திருமுற்றத்தில் அலகிட்டுப் பார்ப்பார்களாக. மனக்குப்பையும் உடன் அகலும்.

திருச்சிற்றம்பலம்.