ஒலிக்க வேண்டிய மணி
(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடைக்கு வந்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது மணியைப் பற்றி.

மண்டப வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டு எங்கள் வகுப்பாருக்கு நினைவிருக்கும். 90களின் தொடக்கத்தில் அதற்கு இரண்டு மொழிகள் இருந்தன. விட்டு விட்டு அடித்தால் பாடம் மாறுகிறது. விடாமல் அடித்தால் பொம்மர் வருகிறது, பங்கருக்குள் ஓட வேண்டும். ஒருநாள் விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு ஆட்களைச் சேர்க்க யாரோ ஒரு அக்கா அதை விடாமல் அடித்துவிட்டார். கல்லூரி முழுவதும் பங்கரை நோக்கி ஓடியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் விழுந்து முழங்கால்களை உரசிக்கொண்டார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அம்மா யாரையும் ஏசவில்லை. “விடாமல் அடிக்கிற மணியை வேறை ஒண்டுக்கும் அடிக்கப்படாது. பொய்யா ரெண்டு தரம் அடிச்சால், மூண்டாம் தரம் பிள்ளையள் ஓடாதுகள்” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனத்தை உலகின் பெரிய ஆலைகள் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றன என்பதைப் பல ஆண்டுகளின் பின் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லி அறிந்தோம். அவள் இரசாயனப் பொறியியலாளர். ஆலைகளின் கட்டுப்பாட்டறைகளில் ஒலிக்கும் அலாரங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளோடு வேலை செய்கிறாள்.

அவள் சொன்ன முதற் கதை வேல்ஸ் நாட்டின் மில்போர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையினுடையது. 1994 யூலை 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் இடி மின்னலால் ஆலை குழம்பியது. ஒரு வால்வு மூடியே கிடந்தது; கணினித் திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற வழியின்றித் திரவம் நிரம்பிக்கொண்டே போனது. ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்களின் பின், பிற்பகல் 1.23க்கு, ஏறக்குறைய 20 தொன் எரிபொருள் வெளியேறி வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்திய கடைசி 11 நிமிடங்களுக்குள் கட்டுப்பாட்டறையில் இருந்த இரண்டு பேருக்கு 275 அலாரங்கள் வந்தன. இரண்டு செக்கனுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான செய்தி அந்த இரைச்சலுக்குள் எங்கோ இருந்தது. அவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். மனிதக் காதால் முடியாத வேலை அவர்களிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

இவ்வளவு அலாரங்கள் எப்படி வந்து சேர்ந்தன? முன்பு ஒரு அலாரம் வைக்க வேண்டுமானால் வயர் இழுத்து, சுவரில் ஒரு விளக்குப் பொருத்த வேண்டும். காசு செலவாகும், ஆகவே யோசித்து வைத்தார்கள். கணினி வந்தபின் ஒரு எண்ணைத் தட்டினால் போதும். ஒவ்வொரு பொறியியலாளரும் “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் பலர், எடுத்தவர் ஒருவருமில்லை.

அலார மேலாண்மை மென்பொருள் முதலில் செய்யும் வேலை மிக எளியது: எண்ணுகிறது. எந்த அலாரம், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, யார் நிறுத்தினார், பிறகு என்ன செய்தார் என்று பதிகிறது. ஒரு மாதப் பதிவை விரித்தால் இரைச்சலின் பெரும் பங்கு ஒரு சில அலாரங்களிலிருந்தே வருவது தெரியும். 80 பாகையில் ஒலிக்கும்படி வைத்த ஒரு வெப்பநிலை அலாரம், வெப்பம் 79.9க்கும் 80.1க்கும் இடையே ஊசலாட, அது நாள் முழுவதும் ஒலித்து ஒலித்து ஓயும். 78க்குக் கீழே இறங்கிய பின்பே அடங்க வேண்டும் என்று மாற்றினால் போதும். நிறுத்தி வைத்த பம்பிலிருந்து “அழுத்தம் குறைவு” என்று ஒலிப்பது இன்னொன்று. பம்ப் ஓடாத நேரத்தில் அந்த அலாரம் தேவையில்லை என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்கலாம்.

அடுத்த வேலை மனிதருடையது. கட்டுப்பாட்டறைப் பணியாளரும் பொறியியலாளரும் ஒரே மேசையில் இருந்து ஒவ்வொரு அலாரத்திடமும் கேட்கிறார்கள்: இது ஒலித்தால் பணியாளர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அது அலாரம் அல்ல, வெறும் தகவல். விடைகளை மென்பொருள் பதிந்து வைக்கிறது. பிறகு எவரும் காரணம் எழுதாமல் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. 1999இல் பிரித்தானியாவில் வெளிவந்த வழிகாட்டியும் 2009இல் அமெரிக்காவில் வந்த தரநிலையும் இதைத்தான் வகுத்தன. சாதாரண நாளில் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்பது தாங்கக்கூடிய அளவு. பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அதை வெள்ளம் என்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது.

நாங்கள் அப்போது ஒரு வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கடமையில் இருந்தோம். நாட்பட்ட நுரையீரல் நோயுடைய ஒரு ஐயா. அவருடைய ஒட்சிசன் அளவு 88க்கும் 92க்கும் இடையே நிற்பதே அவருக்குச் சரியான அளவு. மொனிற்றரோ 90க்குக் கீழே போனால் ஒலிக்கும்படி, எல்லோருக்கும் வைத்ததுபோல் வைக்கப்பட்டிருந்தது. இரவு முழுவதும் ஒலித்தது. விரலில் மாட்டிய கருவி கழன்றபோதும் அதே ஒலிதான். தாதி ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்தார், நிறுத்தினார். விடியப்புறம் உண்மையாகவே மூச்சு இறங்கியபோதும் அதே ஒலி. எங்களில் ஒருவரும் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. சில நிமிடங்கள் பிந்திவிட்டோம். இரண்டு நாட்களின் பின் அவர் இறந்தார். அந்த நிமிடங்கள்தான் காரணமா என்று எங்களால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

விசாரணையில், தாதி ஏன் உடனே போகவில்லை என்று கேட்டார்கள். அன்றிரவு அந்த மொனிற்றர் எத்தனை தடவை ஒலித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தாதிக்கு நாங்கள் பட்ட கடன் அது.

பிற்காலத்தில் எங்கள் பிரிவில் மென்பொருள் வாங்கப் பணம் இருக்கவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்தோம். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு கோடு. செய்ய வேண்டியது இருந்ததா, இல்லையா என்று ஒரு அடையாளம். ஒரு வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கியது. நோயாளிக்கு நோயாளி அளவு மாற்றி வைத்தோம். நெஞ்சில் ஒட்டும் மின்வாய்களை நாள்தோறும் மாற்றினோம். இரைச்சல் குறைந்தது, ஒலித்தால் தாதியர் எழுந்து ஓடினார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அமைதி எங்கள் இலக்கல்ல. 2005 டிசெம்பர் 11இல் இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எரிபொருள் களஞ்சியத்தில் தாங்கி நிரம்பி வழிந்தபோது அளவுமானி அசையாமல் நின்றுவிட்டது. கடைசிக் காவலாக இருந்த ஆளியும் வேலை செய்யவில்லை. ஒரு மணியும் அடிக்கவில்லை. வெடிப்பு மட்டும் கேட்டது. வீண் மணிகளைக் குறைப்பது, உண்மை மணி கேட்பதற்காக. அந்த உண்மை மணி ஒலிக்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்பதும் அதே வேலையின் மறு பாதி.

தங்கைமாரே, உங்களில் சிலர் ஆலைகளுக்குப் போவீர்கள், சிலர் வைத்தியசாலைகளுக்கு, சிலர் வகுப்பறைகளுக்கு. ஒரு நாள் உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர் ஒரு எச்சரிக்கையைத் தவறவிடுவார். அவரை ஏசுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்: அன்று அவருடைய காதில் எத்தனை மணிகள் ஒலித்தன? அவற்றில் எத்தனை நீங்கள் வைத்தவை?

அதிபர் அம்மா அந்தக் காலைக் கூட்டத்தில் எங்களுக்குக் கற்பித்தது இதுதான். அன்று அது பாடம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நூறு ஆண்டு கண்ட எங்கள் கல்லூரியில் இனி விட்டு விட்டு அடிக்கும் மணி மட்டும் என்றென்றும் ஒலிக்கட்டும்.