நட்சத்திரங்களை நம்பலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். எனக்கு முன் பேசிய அன்பர்கள் அக்கடமையைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். எனக்குச் செயலாளர் அவர்கள் அளித்த தலைப்போ அங்காடித் தெருவைச் சேர்ந்தது. இணைய அங்காடிகளில் ஒவ்வொரு பொருளின் கீழும் வாங்கியவர்கள் நட்சத்திரமிட்டு எழுதுகின்றார்களே, அம்மதிப்புரைகளை நம்பலாமா என்பதே அது. பாட்டும் கூத்தும் நிறைந்த மேடையில் மிக்சியையும் குக்கரையும் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிப்போர் இருக்கக் கூடும். நம் வீடுகளிலிருந்து மாதந்தோறும் கைபேசி வழியே எவ்வளவு பணம் கடல் கடந்து போகின்றது என்று அவர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.

2020 ஆகஸ்டு 10 ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கேபிள் தலைநகரோடு வேறு ஏழு தீவுகளையும் இணைத்தது. அவ்வேழனுள் நம் லாங் ஐலண்டும் ஒன்று. பிளைவுட் ஆலையின் சங்கொலி ஓய்ந்த பின் வெளியுலகம் மறந்துவிட்டதோ என்றிருந்த இச்சிறு தீவுக்கு உலகத்துக் கடைவீதி முழுவதும் அந்தக் கம்பி வழியே வந்து சேர்ந்தது. கடைவீதி வந்தது; கடைக்காரர் வரவில்லை. இதுதான் இன்று நான் பேசவந்த பொருளின் வேர்.

முன்னெல்லாம் ஒரு பொருள் வேண்டுமானால் சென்னைக்குக் கப்பலேறும் ஒருவரிடம் சொல்லி அனுப்புவோம். அவர் கடையில் நின்று, தட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, விலை பேசி வாங்கி வருவார். பொருள் பழுதானால் மறுநாள் ஜெட்டியில் அவர் முகத்தில் நாம் விழிப்போம். அவரும் நம் முகத்தில் விழித்தாக வேண்டும். அவருடைய சொல்லுக்கு அவருடைய முகமே பிணை. இணையத்தில் நமக்காகப் பொருளைத் தட்டிப் பார்ப்பவரோ முகமற்றவர். அவர் கான்பூரில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.

நகரத்தார்க்கு இதனால் பெருங்கேடு இல்லை. பொருள் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் ஓர் ஆள் வாயிலில் வந்து எடுத்துச் செல்வான். நமக்கோ பெட்டி தலைநகரம் வந்து, டிரங்க் சாலையில் ரங்கத் சேர்ந்து, யெரட்டா ஜெட்டியில் படகேறி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. பல விற்பனையாளர்கள் நம் அஞ்சல் எண்ணைக் கண்டதும் அனுப்ப இயலாது என்று கைவிரித்து விடுகின்றனர். வந்த பொருளைத் திருப்பி அனுப்புவதோ வாங்குவதினும் பெரிய தொல்லை. ஆகவே, வாங்குமுன் படிக்கும் நாலு வரியே நமக்கு எல்லாமாக அமைந்துவிடுகின்றது. அந்த நாலு வரி பொய்யானால் இழப்பு முழுவதும் நம்முடையதே.

பொய் எழுதுவதால் யாருக்கு என்ன ஆதாயம் என்று வினவலாம். ஹார்வர்டு வணிகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லூகா என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களைக் கொண்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருவாய் நூற்றுக்கு 5 முதல் 9 வரை உயர்கின்றது என்பது அவர் கண்டது. அதிலும் ஊரறிந்த பெரிய நிறுவனங்களின் கிளைகளுக்கு இந்த ஏற்றம் இல்லை. பெயர் தெரியாத தனிக்கடைகளுக்கே உண்டு. அறியாத பொருளைப் பற்றித்தான் நாம் பிறரைக் கேட்கின்றோம் என்பது இதனால் விளங்கும். நட்சத்திரம் காசாக மாறும் என்று தெரிந்தபின், காசு கொடுத்து நட்சத்திரம் வாங்குவோர் தோன்றாமல் இருப்பார்களா?

இலண்டன் மாநகரில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கின்றேன். ஊபா பட்லர் என்னும் இளம் எழுத்தாளர், முன்பு காசுக்காக உணவகங்களுக்குப் பொய் மதிப்புரை எழுதியவர். அவர் 2017-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையை ஓர் உணவகம் என்று பயண மதிப்புரைத் தளம் ஒன்றில் பதிவு செய்தார். அங்கே அடுப்பும் இல்லை, சமையற்காரரும் இல்லை. நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொன்னார். இடம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்க்கெல்லாம் இடமில்லை என்றார். இடமில்லை என்றதும் மதிப்பு ஏறிற்று! 18,000-க்கும் மேற்பட்ட இலண்டன் உணவகங்களின் வரிசையில் கடைசியில் இருந்த அக்கொட்டகை, அவ்வாண்டு நவம்பரில் முதலிடத்தைப் பிடித்தது. ஒருவரும் உண்ணாத உணவு, உலகத் தலைநகர் ஒன்றின் சிறந்த உணவாயிற்று.

பொய்யின் வகைகள் பல. ‘வாங்கியது உறுதி செய்யப்பட்டது’ என்ற குறியைக் கண்டால் நாம் மனம் தெளிகின்றோம். அக்குறியையும் உண்டாக்கலாம். 2020-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கேளாமலே சீனத்திலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. நோய் பரப்பும் சூழ்ச்சியோ என்று மக்கள் அஞ்சினர். வேளாண் துறையினர் ஆராய்ந்து, முன்பின் அறியாதவர் முகவரிக்குப் பொட்டலம் அனுப்பி, அவர் பெயரால் மதிப்புரை எழுதிக்கொள்ளும் வணிகத் தந்திரமாகவே இது தோன்றுகின்றது என்றனர். மற்றொரு வகை, பொய்யே எழுதாமல் மெய்யை மறைப்பது. ஃபேஷன் நோவா என்னும் ஆடை நிறுவனம் நான்கு நட்சத்திரத்திற்குக் குறைந்த மதிப்புரைகளைத் தன் தளத்தில் தோன்றாமல் தடுத்து வைத்தது என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2022-இல் அந்நிறுவனம் 42 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. இவ்வகையில் படிப்பவை ஒவ்வொன்றும் உண்மை, மொத்தமே பொய்.

இங்கே சற்று நிறுத்தி, நம் இளைஞர்க்கு ஒரு சொல். ‘வீட்டிலிருந்தே வேலை, உணவு விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டால் ஒவ்வொன்றுக்கும் பணம்’ என்று கைபேசியில் செய்தி வரும். முதல் இரண்டு நாள் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். பிறகு பெரிய ஊதியம் பெற முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. மீட்க வேண்டுமானால் இன்னும் கட்டு என்பார்கள். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை மத்திய உள்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் முடக்கியது. வேலை வாய்ப்புக் குறைந்த தீவில், படித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளே இத்தூண்டிலுக்கு இலக்கு. பொய்ச்சான்று எழுதப் போனவன் பொருளையும் இழக்கின்றான். பெற்றோர்கள் திட்டுவார்களே என்று அஞ்சி ஒளிக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். காலம் தாழ்ந்தால் பணம் கைமாறிவிடும்.

தமிழர்க்குப் பொய்ச்சான்று புதிதன்று. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரைப் பொற்கொல்லன், கோவலன் கைச்சிலம்பைக் காட்டி இவனே கள்வன் என்று அரசனிடம் சான்று கூறினான். அரசியின் சிலம்பை முன்னரே கவர்ந்த கள்வன் அச்சான்று கூறியவனே! சொல்வது யார், அவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று பாண்டியன் கேட்கவில்லை. சிலம்பையும் திறந்து பார்க்கவில்லை. பின்னர்க் கண்ணகி உடைத்துக் காட்டிய போதன்றோ முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. ஒரு சொல்லை நம்பியதில் ஓர் உயிர் போயிற்று, ஊரும் எரிந்தது.

விற்பவனே வாங்குபவன் வேடம் பூண்டு எழுதுவது இந்தப் பொற்கொல்லன் செயலே ஆகும். நம் நாட்டில் 2020-இல் வந்த மின்வணிக விதிகள், விற்பனையாளர் தம்மை நுகர்வோர் போலக் காட்டி மதிப்புரை எழுதலாகாது என்று வெளிப்படையாகத் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்னும் தரமுறையை வெளியிட்டது. மதிப்புரை எழுதுவோரை எவ்வாறு உறுதி செய்வது, தளத்தை நடத்துவோர் எவ்வாறு நடுநிலை காப்பது என்பனவற்றை அது வகுக்கின்றது. விலைக்கு வாங்கிய மதிப்புரையை வெளியிடலாகாது என்றும் கூறுகின்றது. எனினும் அது வெளிவந்த காலத்தில் விரும்புவோர் ஏற்கலாம் என்ற அளவிலேயே நின்றது. விரும்புவோர்க்கு மட்டும் சட்டம் என்றால் விரும்பாதவரே மிகுவர் என்பது என் கருத்து.

அப்படியானால் மதிப்புரைகளைப் படிக்கவே வேண்டாமா? வேண்டும். தீர்ப்பாக அல்ல, சாட்சியாகப் படிக்க வேண்டும். நீதிமன்றத்தில் பத்துப் பேர் ஒரே வாய்பாடாக ஒன்றையே ஒப்பித்தால் வழக்கறிஞர்க்கு ஐயம் பிறக்கும். தயங்கித் தயங்கி, பார்த்ததை மட்டும் சொல்லும் ஒரு சாட்சி அப்பத்துப் பேரினும் மேல். ‘மிக நன்று, அருமை, வாங்குங்கள்’ என்பதில் செய்தி ஏதுமில்லை. ‘ஆறு மாதத்தில் பிடியின் திருகாணி துருப்பிடித்தது, மற்றபடி குறையில்லை’ என்பதில் செய்தி இருக்கின்றது. மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவருமே பெரும்பாலும் எழுத வருகின்றனர். ஓரளவு நிறைவடைந்தவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றார். ஆதலின் ஐந்தையும் ஒன்றையும் விடுத்து, நடுவில் உள்ள இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் சொல்வதைத் தேடிப் படிப்பது நலம். ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரங்கள் மழையெனக் கொட்டியிருந்தால் ஐயுறுக. சராசரி எண்ணைப் பார்த்து வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

எத்துணை நேர்மையான மதிப்புரையும் சொல்ல முடியாத செய்திகளும் உண்டு. பிரஷர் குக்கரை எடுத்துக் கொள்ளுங்கள். வாங்கிய வாரமே எழுதும் அம்மையார் விரைவில் வந்தது, பளபளப்பாக இருக்கின்றது, சாதம் குழையவில்லை என்று உண்மையே எழுதுகின்றார். அடைப்பு ஏற்பட்டால் அதன் பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் திறக்குமா என்பதை அவர் எவ்வாறு அறிவார்? அது சோதனைச் சாலையில் அறியவேண்டியது. அதற்காகவே 2021 பிப்ரவரி முதல் வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னும் முத்திரைக்குரிய தரமில்லாத குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டன என்று, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் நிறுவனத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் விதித்து, விற்கப்பட்ட 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற ஆணையிட்டது. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. வழக்கு எவ்வாறாயினும் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே. அடுப்படியில் நிற்பவள் நம் வீட்டுப் பெண். உயிரோடு தொடர்புடைய பொருளில், அதாவது குக்கர், மின்கம்பி, ஹீட்டர், தலைக்கவசம், குழந்தை விளையாட்டுப் பொருள் இவற்றில், முதலில் முத்திரையைப் பாருங்கள். முத்திரையோடு உள்ள உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், அது மெய்யோ பொய்யோ என்பது தெரிந்துவிடும். நட்சத்திரம் அதற்குப் பின்னர்.

ஏமாந்தால் என் செய்வது? 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வாழும் இடத்திற்குரிய ஆணையத்திலேயே முறையீடு செய்யலாம். விற்றவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. தீவில் வாழும் நமக்கு இது பெரும்பேறு. பலர் அறியவில்லை.

இறுதியாக ஒன்று. நம் தீவின் உப்புக் காற்றை யாரும் மதிப்புரையில் எழுதுவதில்லை. ஆண்டில் பாதி மழை, எந்நாளும் ஈரப்பதம், மின்சாரம் ஏறி இறங்கும். தில்லிவாசி ஐந்து நட்சத்திரம் இட்ட இரும்பு அலமாரி இங்கே எத்தனை மாதம் தாங்கும் என்பதை நாமே அறிவோம்; ஆனால் நாம் எழுதுவதில்லை. வாங்கி, நொந்து, வாய்மூடி இருந்துவிடுகின்றோம். பக்கத்து வீட்டார் மறுமாதம் அதையே வாங்குகின்றனர்! ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வாசகசாலை மேசையில் ஒரு குறிப்பேடு வைப்போம். பொருளின் பெயர், விலை, வந்து சேர எடுத்த நாள், ஆறு மாதம் கழித்து அதன் நிலை, இந்நான்கும் போதும். எழுதியவர் கையொப்பம் கட்டாயம் வேண்டும். நண்பர் கடைக்காரர் என்பதற்காகப் புகழவும் வேண்டாம், பகை தீர்க்க இகழவும் வேண்டாம். தாய்மார்கள் எழுதினால் நலம். பொருளைக் கையாள்பவர் அவர்களே. எழுதியதையே கைபேசியிலும் இட்டால் ரங்கத்திலும் மாயாபந்தரிலும் உள்ள நம்மவர்க்கும் உதவும்.

குறிப்பேட்டுக்கான நோட்டை நானே கொண்டு வந்துள்ளேன். செயலாளர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கின்றேன். முதற்பக்கத்தை யார் எழுதுவது என்பதைச் செயற்குழு முடிவு செய்யட்டும்.