அன்னதானமும் அளவறிதலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பசி என்றால் என்னவென்று பாலிங் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1974 நவம்பரில் ரப்பர் விலை சரிந்து, சாமான் விலை ஏறியபோது ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் இங்கே வீதியில் திரண்டார்கள். டிசம்பரில் அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். அந்நாளில் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். வடித்த கஞ்சியைக்கூடக் கீழே ஊற்றாத தாய்மார்கள் நம்மை வளர்த்தார்கள்.

அப்படி வளர்ந்த நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா மாலையில் ஆலயத்தின் பின்புறம் கண்ட காட்சியை மறக்க முடியவில்லை. கிடாரத்தில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சாம்பார் புளித்து நுரைத்திருந்தது. அன்று மழை, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மூன்று உபயதாரர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அரிசி அனுப்பியிருந்தார்கள். வந்த அரிசி முழுவதையும் காலையிலேயே உலையில் போட்டுவிட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். கொடுத்தவர் மனத்தில் குறையில்லை. குறை எங்கள் கணக்கில்தான்.

ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 28 விழுக்காடு உணவு பரிமாறும் இடங்களில் வீணானது. நம் சமையற்கட்டும் அத்தகைய இடந்தானே!

ஆகவே சில வேண்டுகோள்கள். உபயங்களை ஒரே பதிவேட்டில் எழுதி, எது தேவை, எது போதும் என்று கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுவோம். சரக்கறையில் முன்னால் வந்த மூட்டையை முன்னால் பிரிப்போம். ஒவ்வொரு விழாவிலும் எத்தனை பேர் உண்டார்கள், எத்தனை கிலோ பொங்கினோம், எவ்வளவு மிஞ்சியது என்று குறித்து வைப்போம்; அடுத்த ஆண்டின் அளவு அதிலிருந்தே கிடைக்கும். முதலில் பாதியைச் சமைத்து, பந்தியைப் பார்த்து மீதியை உலையில் போடுவோம். வேகாத அரிசி நாளைக்கும் ஆகும். வெந்த சோறு நாளைக்கு ஆகாது. 2022 ஜூலை 4-இல் குபாங் வட்டாரத்தை வெள்ளம் தாக்கியதே, அப்படிப்பட்ட நாளில் கையிருப்பு மூட்டை எத்தனை குடும்பங்களுக்கு உதவும்!

பந்தியில் குறைவாகப் பரிமாறி, மறுபடியும் கேட்டுப் போடுவோம். மிஞ்சிய சோற்றைச் சூடு ஆறிக் கிடக்கவிடாமல், சமைத்த நான்கு மணி நேரத்திற்குள் உண்ணும்படி பசித்தவரிடம் சேர்ப்போம். "யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமற் போனால் பழி நமக்கல்லவா?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் கையை விட்டுப் போகும்போது உணவு சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால், நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்கு அது துணை நிற்கும். கடுமையான கவனக்குறைவுக்கு அது துணை போகாது.

1867-இல் வள்ளலார் பெருமான் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே நாள்தோறும் பசித்தவருக்குச் சோறிடுகிறார்கள். நம் அன்னதானமும் அப்படி நீடிக்க வேண்டுமானால், கொடுப்பவரின் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வயிற்றை அடைய வேண்டும். அதைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்பது உபயதாரரின் உரிமை.

எல்லாம் வல்ல இறைவன் அருள் துணை நிற்பதாக.