எலிக்கு மருந்து வைக்கிறதுக்கு முன்னாடி: எங்க வீட்டுத் தோட்டத்துல மூணு மாசம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுல டேட்டாபேஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு எலி. சிரிக்காதீங்க, ரெண்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. கடைசியில சொல்றேன்.

எங்க வீடு வேங்கிக்கால்ல, ஏரிக்குப் பக்கத்துல இருக்குற மனைப்பிரிவுல. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இங்கதான் இருக்கு. அது வந்த பிறகு சுத்தி இருந்த வயல் எல்லாம் மனையாச்சு. எங்க அப்பா மனை வாங்கினப்போ பக்கத்துல நெல்லு விளைஞ்சுது. இப்போ ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் முள்ளு முளைச்ச காலி மனை.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. அந்த மழையிலதான் மலையில மண் சரிஞ்சு, வ.உ.சி. நகர்ல ஒரே வீட்டுல ஏழு பேர் இறந்துபோனாங்க. ஊரே அந்தத் துக்கத்துல இருந்துச்சு. எங்க தெருவுல முழங்கால் தண்ணி. தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு அம்மா கூப்பிட்டாங்க: "டேய், தோட்டத்துல வந்து பாரு." மரவள்ளிச் செடி சாஞ்சு கிடக்கு, கிழங்கு பாதி இல்ல. கோழிக்கூண்டு ஓரம், துவைக்கிற கல்லு அடியில, காம்பவுண்டு சுவர் பக்கம்னு எண்ணிப் பார்த்தா பதினோரு பொந்து. வயல்ல தண்ணி நின்னா எலி மேட்டுக்கு ஏறும். மேடு எங்க வீடு.

நான் இன்ஜினியர் ஆச்சே, உடனே யூடியூப்!

முதல்ல தண்ணி. ஓஸை பொந்துக்குள்ள விட்டு மோட்டாரைப் போட்டேன். இருபது நிமிஷம் போச்சு, ஒரு எலியும் வரல. மறுநாள் காலையில துவைக்கிற கல்லு ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு. கீழ இருந்த மண்ணை நானே கரைச்சு விட்டிருக்கேன். சுவர் அஸ்திவாரம் பக்கத்துல பொந்து இருந்தா இதைச் செய்யவே செய்யாதீங்க.

அடுத்தது அல்ட்ராசோனிக் மெஷின். ஆன்லைன்ல வாங்கினது, நீல லைட் அழகா எரியும். நாலாவது நாள் அந்த மெஷின் பக்கத்துலயே புதுமண் தள்ளியிருந்துச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2001லயே அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் இந்த மாதிரி மெஷின் விக்கிற அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை, ஆதாரம் இல்லாம பலன் சொல்லாதீங்கன்னு எச்சரிச்சிருக்கு.

மூணாவது மருந்து. இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடு.

அதே 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல எலிக்கு மருந்து வச்ச ராத்திரி, அதே வீட்டுல தூங்கின ரெண்டு சின்னக் குழந்தைங்க இறந்துபோச்சு. அந்தச் செய்தியை நான் படிச்சிருந்தேன். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை பண்ணினதும் தெரியும். ஆனா நான் வாங்கினது கேக்தானே, மெதுவா வேலை செய்யுற மருந்து, வெளியில மண்ணுக்குள்ளதானே வைக்கிறோம்னு ஒரு தைரியம். புரோமாடியலோன் கேக். பொந்துக்குள்ள ரெண்டு ரெண்டா வச்சு மண்ணைத் தள்ளி மூடினேன்.

மூணாம் நாள் சாயங்காலம் மாடியில குடியிருக்கிற அக்காவோட பையன், மூணு வயசு, தோட்டத்துல விளையாடிட்டு இருந்தான். கையில நீலமா எதையோ வச்சிருந்தான். எலி பொந்தைத் தோண்டும்போது கேக்கையும் சேர்த்து வெளிய தள்ளியிருக்கு. வாயைத் திறந்து பார்த்தா ஒண்ணும் தெரியல. சாப்பிட்டானா இல்லையான்னு அவனுக்கும் சொல்லத் தெரியல.

பைக்ல ஆஸ்பத்திரிக்குப் போன பத்து நிமிஷத்தை நான் மறக்கப் போறதில்ல. நல்லவேளை, மருந்து அட்டையை எடுத்துட்டுப் போனேன். டாக்டர் முதல்ல கேட்டதே அதைத்தான். இந்த வகை மருந்து ரத்தம் உறையுறதைத் தடுக்கும். அது உடனே வெளிய தெரியாது, சில நாள் கழிச்சுதான் தெரியும். அதனால ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் உறையுற நேரத்தைப் பார்க்கணும்னு சொன்னாங்க. இதுக்கு மாற்று மருந்து இருக்கு, வைட்டமின் கே. ஆனா ஜிங்க் பாஸ்பைடு, அலுமினியம் பாஸ்பைடு எல்லாம் வயித்துக்குள்ளயோ ஈரத்துலயோ பட்டா பாஸ்பீன் வாயு ஆகும். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது.

ரெண்டு நாள். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு. டெஸ்ட் நார்மல்னு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே எல்லாப் பொந்தையும் கிளறி, மிச்ச கேக்கை எல்லாம் எண்ணி எடுத்தேன். வச்சது இருபத்திரண்டு. கிடைச்சது பதினாலு. மீதி எட்டு எங்க போச்சு? எலி தின்னிருக்கும். அந்த எலியைப் பூனை தின்னலாம், கூகை தின்னலாம், சாரைப்பாம்பு தின்னலாம். மருந்து அதுங்களுக்கும் போகும். நமக்கு எலி பிடிச்சுக் கொடுக்கிறதே அதுங்கதான்.

அப்புறம் அப்பாதான் ஒரு இருளர் பெரியவரைக் கூட்டிட்டு வந்தார். முன்னாடி இந்த ஏரிக்கரை வயல்ல எலி பிடிச்சவர். கடப்பாரையும் ஒரு சாக்குப்பையும் மட்டும்தான் கையில. எல்லாத்தையும் பார்த்துட்டு என்கிட்ட கேட்டார்: "இன்னாத்துக்குத் தம்பி மருந்து வச்சீங்க? எத்தினி எலி இருக்குன்னு முதல்ல பார்த்தீங்களா?"

பார்க்கலீங்கய்யான்னேன். அன்னைக்குச் சாயங்காலம் பதினோரு பொந்தையும் காலால மிதிச்சு மூடச் சொல்லிட்டுக் கிளம்பிட்டார். மறுநாள் காலையில திறந்திருந்தது நாலுதான். மீதி ஏழும் பழசு, இல்லைன்னா அதே எலியோட இன்னொரு வாசல். வேளாண்மைத் துறைக்காரங்களும் வயல்ல இதே முறையிலதான் உயிருள்ள பொந்தைக் கண்டுபிடிக்கிறாங்க. நான் பதினோரு பொந்துலயும் மருந்து வச்சிருந்தேன்!

மண்ணைப் பார்த்தே எலியையும் சொன்னார். "இது பெருச்சாளி இல்ல தம்பி. பெருச்சாளி வாயைத் தொறந்து வச்சிருக்கும். இது வரப்பெலி. உள்ள இருந்தா மண்ணை வச்சு அடைச்சுக்கும்." என் பாட்டி மூஞ்சூறையும் சேர்த்து எல்லாத்தையும் பிள்ளையார் வாகனம்னு சொல்லிடுவாங்க. மூஞ்சூறு தின்கிறது பெரும்பாலும் பூச்சி, கரப்பான். அதை அடிக்க வேண்டியதே இல்ல.

நாலு பொந்தையும் தோண்டினார். கையை உள்ள விடவே இல்ல. எலிப்பொந்துல நல்லபாம்பு குடியிருக்கும், நீங்களும் விடாதீங்க. ரெண்டு எலியைப் பிடிச்சார். ஒரு வளையில ரெண்டு கைப்பிடி தீனி சேர்த்து வச்சிருந்துச்சு. முழுக்க எங்க கோழித்தீவனம். அதை அம்மாகிட்ட காட்டி, "நீங்கதான்மா சோறு போட்டு வளர்க்குறீங்க"ன்னார்.

வயல்ல புகை போட்டுதான் பிடிப்பாங்க. மண்பானையில வைக்கோலைக் கொளுத்தி, ஒரு ஓட்டையில வாயை வச்சு ஊதி, புகையைப் பொந்துக்குள்ள அனுப்புறது. ஊதுறவருக்கு நெஞ்சு போயிடும், கை வெந்துடும். அதுக்குப் பதிலா கையால சுத்துற இரும்புக் கருவியை இருளர் குடும்பங்களுக்குச் செஞ்சு கொடுக்கிற தமிழ்நாட்டுத் திட்டம் ஒண்ணு 2003ல உலக வங்கிப் போட்டியில பரிசு வாங்கியிருக்கு. இப்படி ஆள் வச்சு வேலை வாங்கினா, பேரம் பேசாம ஒரு நாள் கூலியை முழுசா கொடுங்க. ஒரு கொத்தனாருக்குக் கொடுக்க மாட்டோமா?

போகும்போது அவர் சொன்னதுதான் முக்கியம்: "நான் புடிச்சது ரெண்டு. தீனி இருந்தா வேற வரும்."

இதைத்தான் அமெரிக்காவுல பால்டிமோர் ஊர்ல 1940கள்ல டேவிட் டேவிஸ்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணினார். எலியைப் பிடிச்சாலும் கொன்னாலும் சில மாசத்துல எண்ணிக்கை பழையபடி ஏறிடுச்சு. குப்பையையும் ஒதுங்குற இடத்தையும் சரி பண்ணின தெருவுலதான் எலி குறைஞ்சே இருந்துச்சு. மூணு வாரத்துல குட்டி போடுற பிராணி அது. எண்ணிக்கையில நம்மால அதை ஜெயிக்க முடியாது.

நாங்க செஞ்சது இவ்வளவுதான். கோழித்தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாத்தினோம். நாய்த்தட்டு ராத்திரி வெளிய இல்ல. காலி மனைக்காரர்கிட்ட பேசி, முள்ளை வெட்டி, செங்கல் குவியலை எடுக்க வச்சோம். அதுக்கே ஒரு மாசம் ஆச்சு. கோழிக்கூண்டைச் சுத்தி அரை அங்குல ஜி.ஐ. கம்பிவலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதைச்சு, அடியில ஒரு அடி வெளிப்பக்கமா மடிச்சு விட்டோம். தோண்டி வர்ற எலி அந்த மடிப்புல முட்டி நின்னுடும். பழைய பொந்துல ஜல்லி போட்டு மண்ணை இறுக்கினோம்.

மிச்சத்துக்கு எலிக்கூண்டு. ஒரு டிப்ஸ்: முதல் ரெண்டு மூணு நாள் கதவு விழாதபடி கட்டிட்டு, உள்ள கருவாடு மட்டும் வையுங்க. புதுப் பொருளைப் பார்த்தா எலி ஒதுங்கும். பழகின பிறகு செட் பண்ணுங்க. கூண்டையும் பொந்து மண்ணையும் தொடும்போது கையுறை போடுங்க. எலி மூத்திரம் பட்ட ஈர மண்ணுல இருந்துதான் எலிக்காய்ச்சல் வரும், கால்ல புண் இருந்தா வெறுங்காலோட இறங்காதீங்க.

மார்ச் மாசம் எல்லாப் பொந்தையும் மறுபடி மிதிச்சு மூடிப் பார்த்தேன். காலையில திறந்திருந்தது ஒண்ணு. அது சுவருக்கு அந்தப் பக்கம், காலி மனையில. அம்மா அதை இன்னும் தினமும் போய்ப் பார்க்கிறாங்க.

இப்போ டேட்டாபேஸ். ராத்திரி சர்வர் விழுந்தா நாம ரீஸ்டார்ட் பண்ணிட்டுத் தூங்குவோம். மறுநாள் மறுபடி விழும். ஏன் விழுதுன்னு லாகைப் பார்க்க மாட்டோம். ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு இதை நான் பாடமே எடுத்திருக்கேன். என் வீட்டுத் தோட்டத்துல லாகைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெரியவர்.

மாடி வீட்டுப் பையன் நல்லா இருக்கான். இப்போ என் கையில எந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலும் "இது எலி மருந்தா?"ன்னு கேக்குறான். பிஸ்கட்டா இருந்தாலும் கேக்குறான்.

உங்க வீட்டுல எலி மருந்து இருந்தா, எங்க இருக்கு, எத்தனை இருக்குன்னு இன்னைக்கே எண்ணிப் பாருங்க. யாராவது சாப்பிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாகூட, காத்திருக்காம அட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போங்க. 108ஐக் கூப்பிடுங்க. உங்க ஊர்ல எலியை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.