நாற்பது தலைமுறை கண்ட கட்டுமானக் குடும்பம்
(ஜமாஅத் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் குடும்பத் தொழில் நடத்துவோர் அநேகர். தந்தை தொடங்கிய தொழில் மகன் காலத்தில் வளர்வதையும், பேரன் காலத்தில் பங்காளி வழக்காகிப் பூட்டப்படுவதையும் நாம் கண்டே வருகிறோம். ஆகவே, நாற்பது தலைமுறை தாண்டிய ஒரு குடும்பத்தின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

ஜப்பானில் ஒசாகா நகரத்தைச் சேர்ந்த அந்நிறுவனத்தின் பெயர் கொங்கோ குமி. கொரிய தீபகற்பத்தின் பேக்ஜே நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு தச்சர், கி.பி. 578இல் அதனை நிறுவினார் என்பது அவர்களது மரபு. ஷிதென்னோஜி என்னும் புத்த ஆலயம் 593இல் எழும்பியது. தீயாலும் புயலாலும் போராலும் அது பன்முறை அழிந்தது. மீட்டெழுப்பும் பணி இக்குடும்பத்தாரைத் தேடி வந்தது. அழிவே அவர்களுக்கு வேலை தந்தது எனினும் மிகையாகாது! 1868க்குப் பின் ஆலயம் தன் நிலங்களை இழந்து, மானியமும் நின்றபோதுதான் வெளி வேலைகளை நாடினர்.

மூத்த மகனுக்கே தலைமை என்ற பிடிவாதம் அவர்களிடம் இல்லை. திறமையுள்ள இளையவனைத் தேர்ந்தனர். தக்க மகன் இல்லையெனில் மருமகனுக்குக் குடும்பப் பெயரைச் சூட்டினர். 32ஆம் தலைவர் எழுதிவைத்த பதினாறு விதிகள் கவனிக்கத்தக்கவை: எழுத்தும் கணக்கும் பழகு, மிகுதியாகக் குடிக்காதே, தகுதிக்கு மீறி நடக்காதே, மதிப்பீட்டைக் குறைந்த விலையிலும் நேர்மையாகவும் கொடு என்பன அவற்றுள் சில. ஒப்பந்தப்புள்ளி எழுதுவோர் கடைசி விதியை இருமுறை படிக்கலாம்.

1932இல் வறுமை தாளாது 37ஆம் தலைவர் உயிர்நீத்தார். அவர்தம் மனைவி யோஷிஎ தலைமையேற்றார். பெண்ணொருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதன்முறை. 1934ஆம் ஆண்டுப் புயலில் ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரம் சாய்ந்தது. அதை மீண்டும் கட்டும் பணியே நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. 1940இல் முடிந்த அக்கோபுரம் 1945ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் எரிந்தது! அடுத்து வந்த தலைவர் அவருடைய மருமகன். போருக்குப் பின் ஆலயம் கான்கிரீட்டில் எழுந்தது.

வீழ்ச்சி வேறு வழியில் வந்தது. மர வேலையில் நிகரற்றவர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரிய நிறுவனங்களோடு விலைக்குப் போட்டியிட்டனர். 1980களில் நிலத்தின் விலை ஏறியபோது கடன் வாங்கி நிலத்தில் முதலிட்டனர். 1990களில் விலை சரிந்தது, கடன் சரியவில்லை. 2006 ஜனவரியில் நிறுவனம் ஒசாகாவின் தகாமாட்சு குழுமத்தின் கைக்கு மாறியது. பதினான்கு நூற்றாண்டுக் குடும்ப உரிமை அத்துடன் முடிந்தது.

ஆயினும் கைத்தொழில் முடியவில்லை. தச்சர்கள் தனித்தனிக் குழுக்களாக, அவரவர் தலைமைத் தச்சரின் கீழ் இயங்கியதால் கலையாது நின்றனர். புதிய உரிமையாளர் அவர்களையும் நிறுவனத்தின் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் ஜனவரி 11ஆம் நாள் அத்தச்சர்கள் அதே ஆலயத்தில் கூடி, வாய்ச்சியால் மரத்தைத் தொட்டு அவ்வாண்டின் வேலையைத் தொடங்குகின்றனர்.