இரு நூல்களுக்கு இடையே



நாவலாசிரியர் ஒருவருடைய வரலாற்றைப் படிப்போர், அவர் நூல்கள் வெளிவந்த ஆண்டுகளையே பெரிதும் நினைவிற் கொள்வர். ஒரு நூல் முடிந்த நாளுக்கும் அடுத்த நூல் தொடங்கிய நாளுக்கும் இடையில் அவர் எவ்வாறு வாழ்ந்தார், காலை முதல் மாலை வரை யாது செய்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் எழுத்தாளரின் உண்மையான சோதனைக் காலம் அதுவே. இதற்கு ருஷிய நாட்டுப் பேரெழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

மாஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவிலுள்ள யாஸ்னயா பொல்யானா என்னும் தம் முன்னோர் பண்ணையில் இருந்துகொண்டு, 1863 முதல் 1869 வரை அவர் 'போரும் அமைதியும்' என்ற பெருநாவலை எழுதினார். அது நிறைவேறியபோது அவருக்கு வயது 41. அடுத்த பெருநாவலாகிய 'அன்னா கரீனினா'வைத் தொடங்கியது 1873 மார்ச் மாதத்தில். இடையிலே கழிந்தவை மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

பெரும்பணியை முடித்தவருக்கு மனநிறைவும் ஓய்வும் கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. நாவலின் இறுதிப் பகுதி வெளிவருமுன்னரே, 1869 செப்டெம்பரில், நிலம் ஒன்றைப் பார்த்து வாங்கும் பொருட்டுப் பென்சா மாகாணத்தை நோக்கி அவர் பயணமானார். வழியில் அர்சமாஸ் என்னும் சிற்றூரில் இரவு தங்கினார். உடலில் நோயில்லை, இடர் செய்வார் எவருமில்லை. எனினும் காரணம் புலனாகாத மரணபயம் அன்றிரவு அவரைப் பற்றிக்கொண்டது. அதனைத் தம் மனைவி சோபியாவுக்குக் கடிதத்தில் எழுதினார். பல்லாண்டுகள் கழித்து அந்த அனுபவத்தையே ஒரு கதைக்குப் பொருளாகக் கொண்டார், அக்கதை முற்றுப்பெறவில்லை.

வீடு திரும்பிய பின் நாள்கள் வழக்கம்போற் சென்றன. குளிர்காலத்தில் நூல்களைப் படித்தார்; நாடகம் எழுதலாமா என்று எண்ணினார். வேனிற் காலத்திற் குடியானவர்களோடு வயலில் இறங்கிப் புல் அறுத்தார். வேட்டைக்குச் சென்றார். 1870 பெப்ரவரியில் ஒருநாள், நெறி தவறிய உயர்குடிப் பெண்ணொருத்தியைக் குற்றவாளியாகக் காட்டாது, இரங்கத்தக்கவளாகக் காட்டும் கதையொன்று தம் மனத்தில் உதித்திருப்பதாக மனைவியிடம் கூறினார். அம்மையார் அதனைக் குறித்து வைத்தார். எனினும் டால்ஸ்டாய் அப்போது அதனை எழுதத் தொடங்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியிற் கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்கினார். இரவு பகலென்று பாராது பயின்று, சில மாதங்களிலேயே செனபனையும் ஹோமரையும் மூலத்திற் படிக்கும் நிலையை எய்தினார். அவர் உடல் மெலிவதைக் கண்டு சோபியா அம்மையார் கவலையுற்றார். அதனால் 1871 கோடையில் டால்ஸ்டாய் சமாரா மாகாணத்துப் புல்வெளிகளுக்குச் சென்று, பஷ்கீர் மக்களிடையே கம்பளிக் கூடாரத்தில் தங்கி, குதிரைப்பாலைப் புளிக்க வைத்துச் செய்யும் குமிஸ் என்னும் பானத்தை மருந்தாக அருந்தினார்.

பின்னர் அவர் கைக்கொண்ட பணிதான் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஐரோப்பியப் போரையெல்லாம் எழுத்தில் வடித்தவர், சிறுவர்களுக்கு அரிச்சுவடி எழுத அமர்ந்தார். 1872 ஜனவரியில் தம் வீட்டிலேயே குடியானவச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். மனைவியும், அப்போது சிறுவராயிருந்த மூத்த பிள்ளைகளும் உடனிருந்து கற்பித்தனர். எழுத்து, வாசிப்பு, எண்கணிதம் ஆகியவற்றோடு ஈசாப்பின் கதைகளும் இந்திய நாட்டுக் கதைகளும் அடங்கிய அந்த நூல் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. 'காக்கசஸ் கைதி' என்ற அவருடைய புகழ்பெற்ற சிறுகதையும் இந்நூலுக்கென எழுதப்பட்டதே. அரண்மனைப் பிள்ளையும் குடிசைப் பிள்ளையும் இதிலிருந்தே முதற்பாடம் கற்கவேண்டும் என்பது அவர் கனவு. நூலோ முதலில் நன்கு விலைபோகவில்லை; கண்டனங்களும் எழுந்தன. அவர் மனந்தளராது அதனைத் திருத்தி, 1875இல் புதிய அரிச்சுவடியாக வெளியிட்டார். அது நாடெங்கும் பரவியது.

இதே ஆண்டுகளில் மகா பீட்டர் மன்னரின் காலத்தைப் பற்றி நாவல் எழுதவும் அவர் முயன்றார். ஏராளமான நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தார். மீண்டும் மீண்டும் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினார். அக்காலத்து மக்களின் அன்றாட வாழ்க்கை அவருடைய மனக்கண்ணில் உயிர்பெற மறுத்தது, முயற்சியைக் கைவிட்டார்.

1873 மார்ச் மாதம். மூத்த மகன் முதிய அத்தையாருக்குப் படித்துக் காட்டிய புஷ்கினின் கதைத் தொகுதி அறையிற் கிடந்தது. டால்ஸ்டாய் அதனை எடுத்துப் புரட்டினார். முகவுரை ஏதுமின்றி விருந்தினர் வந்து கூடுவதோடு நேரே தொடங்கும் ஒரு கதைப் பகுதி அவரைக் கவர்ந்தது. எழுதுவதென்றால் இவ்வாறன்றோ எழுதவேண்டும் என்று தோன்றவே, உடனே எழுத அமர்ந்தார். மூன்றாண்டு காலம் மனத்திற் கிடந்த பெண்ணின் கதை வெளிப்பட்டது. 1872 ஜனவரியில் அயலிலுள்ள யாசென்கி புகைவண்டி நிலையத்தில், அன்னா என்னும் பெண்ணொருத்தி வண்டியின் முன் வீழ்ந்து உயிர்நீத்தாள். அவளுடைய உடலை நேரிற் கண்டவர் டால்ஸ்டாய். அந்தத் துயரக் காட்சியும் கதையில் இடம்பெற்றது. நாவல் 1877இல் நிறைவுற்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஒன்று புலனாகின்றது. அரிச்சுவடிக்காகச் சிறுவருக்கு விளங்கும் வண்ணம் சொல்லைச் சுருக்கிப் பழகிய பயிற்சியே அவரைப் புஷ்கினின் நேரிய நடையிடம் அழைத்துச் சென்றது எனக் கருதலாம். கிரேக்க மொழிப் பயிற்சியும் அவ்வழிப்பட்டதே. ஆனால் இவையெல்லாம் அடுத்த நாவலுக்கான ஆயத்தம் என்று அவர் கருதவில்லை. இனி நாவல் எழுதுவோமா என்பதும் அவருக்குத் தெரியாது. இடைக்காலம் என்பது பின்வந்த நாம் இட்ட பெயர். அவருக்கோ அவை மரண அச்சமும் குடும்பப் பொறுப்பும் பள்ளிப் பணியும் நிறைந்த நாள்களே.

எழுத்தாளரைக் கண்டவுடன், அடுத்த நூல் எப்போது வரும் என்று கேட்பது நம்மிற் பலரின் வழக்கம். அவர் வயலில் நிற்கலாம்; குழந்தைக்கு அகரம் கற்பிக்கலாம்; ஒன்றும் எழுதவியலாமல் வருந்தியும் இருக்கலாம். அந்நாள்களை வீணென்று எண்ணி அவசரப்படுத்தாதிருத்தலும், நல்ல வாசகர் அவருக்குச் செய்யும் உதவியேயாகும்.