அகல் விளக்கு சொல்லும் தத்துவம்

(விருத்தாசலத்தில் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் உள்ளே வரும்போது ஒரு தோழர் வாசலிலேயே மடக்கிக் கேட்டார்: "தத்துவம் பேசப் போகிறீர்களாமே! அது படித்தவர்கள் சமாசாரம் அல்லவா? எங்களுக்குக் களிமண்ணைத் தவிர என்ன தெரியும்?"

களிமண் தெரியும் அல்லவா? அது போதும். அதிலிருந்தே தொடங்குவோம்.

பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் விருத்தாசலத்தின் பழம்பெருமை. இன்னொரு பெருமை நம் கைகளில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. களிமண் இந்த ஊர்ப் பட்டறைகளில் பொம்மையாகிறது, அகலாகிறது. கார்த்திகை தீபத்தன்று எத்தனையோ வாசல்களில் எரிவது இந்த ஊர்க் கைகள் செய்த விளக்கு.

அந்த அகல் ஒன்றைக் கையில் எடுப்போம். கூழாகக் கரைத்த மண்ணைச் சாந்து அச்சில் ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது. ஓரத்தில் மண் தோலாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்க்கிறோம். சற்று நேரத்தில் மண் சுருங்கித் தானே அச்சை விட்டு விலகுகிறது.

காய்ந்த பச்சை அகலைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? மறுபடி சேறாகும். 100 டிகிரி, 200 டிகிரி சூடு ஏற்றி எடுத்தாலும் அதே கதைதான். ஆனால் 500, 600 டிகிரியைத் தாண்டட்டும். அப்போது மண்ணின் உடலோடு கட்டுண்டு கிடந்த நீரே பிரிந்து போகிறது. சுத்தமான வெள்ளைக் களிமண் 100 கிலோவில் இந்த நீர் மட்டும் சுமார் 14 கிலோ! அதன் பிறகு நூறு வருஷம் ஊறப் போட்டாலும் அந்த அகல் சேறாகாது.

சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஆனால் ஒரு கட்டத்தில் மண் வேறு பொருளாகி விட்டது. அளவில் சேரும் மாற்றம் குணத்தில் மாற்றமாகிறது என்று தத்துவ நூல்கள் சொல்வது இதைத்தான். சூளை முன் நிற்பவருக்கு இது பிரத்தியட்சம்.

அவசரப்பட்டு இதையே மந்திரமாக்கி விடக் கூடாது. அச்சுக்கான சாந்தைப் பாருங்கள். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அதன் நீர் பெரும்பகுதி போய்ப் பொடியாகிறது. அந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றுங்கள். மறுபடி கல்லாக இறுகுகிறது! வெந்த மண் திரும்புவதில்லை. வெந்த ஜிப்சம் திரும்புகிறது. ஆகவே சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதாது. ஒவ்வொரு பொருளையும் அதனதன் இயல்பில் ஆராய வேண்டும். இது நம் இரண்டாம் பாடம்.

சரி, இந்த மண்ணைப் பற்றி நம் நாட்டுத் தத்துவ ஞானிகள் பேசவில்லையா? பேசினார்கள், ஓயாமல் பேசினார்கள். சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகனுக்குப் பாடம் சொல்ல எடுத்தது ஒரு களிமண் உருண்டை. மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் வகுத்தார்கள். உலகைப் படைத்தவனை நிரூபிக்கக்கூடக் குயவன்தான் உதாரணம்!

ஆனால் தோழர்களே, அத்தனை வாதங்களிலும் குயவன் உதாரணமாக மட்டுமே நிற்கிறான். சபையில் உட்கார வைத்து, "நீ என்னப்பா சொல்கிறாய்?" என்று அவனைக் கேட்டவர் யார்? ரசாயன விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் இந்திய ரசாயனத்தின் சரித்திரத்தை எழுதியபோது இந்த நோயைச் சுட்டிக் காட்டினார். கைத்தொழில் தாழ்ந்த ஜாதியின் வேலை என்று ஒதுக்கப்பட்டது; சிந்திப்பவர்கள் கைவேலையை விட்டு விலகினார்கள்; ஏன், எப்படி என்று ஆராயும் விஞ்ஞான உணர்ச்சி மங்கியது என்றார். கையையும் மூளையையும் பிரித்ததால் நஷ்டப்பட்டது இந்த நாடு முழுவதும்தான்.

கைத்தொழிலாளியே தத்துவம் எழுதியதும் உண்டு. ஜெர்மனியில் ஜோசப் டீட்ஸ்கன் என்று ஒருவர், 1828-ல் பிறந்தவர். தொழில் தோல் பதனிடுவது. மனித மூளையின் வேலை எப்படிப்பட்டது என்று 1869-ல் புத்தகமே எழுதினார். மார்க்ஸும் தாமும் கண்ட முறையை இந்தத் தொழிலாளி சுயமாகவே கண்டறிந்தார் என்று ஏங்கெல்ஸ் பாராட்டினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பட்டறையில் நாள் முழுதும் அகல் ஊற்றுகிறோம். முதுகு வலிக்கிறது, எப்போது மணி அடிக்கும் என்றிருக்கிறது. அதே கை, மாலையில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிள்ளைக்கு ஒரு யானை பிடிக்கிறது. நேரம் போனதே தெரியவில்லை! ஏன்? மண்ணும் அதே மண், கையும் அதே கை. பகல் நேரம் விற்றுவிட்ட நேரம். எதைச் செய்வது, எத்தனை செய்வது, யாருக்குப் போவது, எதிலும் நம் சொல் இல்லை. மாலையில் செய்த யானை நம் எண்ணத்தில் பிறந்தது. உழைப்பு கசப்பல்ல, உழைப்பு நம்மிடமிருந்து அந்நியமாகிப் போனதே கசப்பு. இதை அந்த மண் யானை சொல்லித் தருகிறது.

கடைசியாக ஒரு விஷயம். இதற்காகவே இன்று வந்தோம்.

அகல் வெடித்தால் நாம் என்ன செய்கிறோம்? "அதன் தலைவிதி" என்று விட்டு விடுகிறோமா? இல்லை. ஈரம் போகவில்லையா, கனம் ஒரு சீராக இல்லையா, சூளையை அவசரமாகத் திறந்தோமா என்று தேடுகிறோம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று அளவு மாறுகிறது என்று விஞ்ஞானி சொல்கிறார்; அந்த எண் தெரியாத கிழச் சூளைக்காரரும் "ஆறட்டும், பொறு" என்கிறார். இருவரும் காரணத்தைத் தேடியவர்கள்.

ஆனால் அதே சூளைக்காரர் இருமினால்? "என் தலைவிதி" என்கிறார்! அகலுக்கு இல்லாத விதி அவர் நெஞ்சுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? காய்ந்த குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோஸிஸ் வரும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற தொழில் நோய் அது. வந்தால் முழுதாகத் தீராது. ஆனால் வராமல் தடுக்க முடியும். காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, தூசியை உறிஞ்சும் கருவி வைப்பது, மார்புப் பரிசோதனை நடத்துவது. இவற்றைக் கேட்க வேண்டும். தனியாக அல்ல, சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆலைத் தோழர் நூல் அறுந்தால் காரணம் தேடுகிறார். வயல் தோழர் நாற்று மஞ்சளித்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்கிறார். பஞ்சுத் தூசிக்கும் குறைந்த கூலிக்கும் அதே கண்ணைத் திருப்புங்கள்.

வாசலில் கேட்ட தோழருக்கு இதுவே பதில். "ஏன்?" என்ற கேள்விதான் தத்துவம். மண்ணிடம் அதைத் தினமும் கேட்கிறீர்கள். உங்கள் வாழ்க்கையிடமும் கேளுங்கள்!